ஊதாக் கிண்ணத்தில் மூன்று புள்ளி

ஜன. 19, ஞாயிறு

காலையிலிருந்து மூடுபனி. ஏரி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வசந்தாவுடன் சந்தை. அவளுக்கு கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. எனக்கு ராசு, தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் விற்பவன்.

இன்று கிடைத்தது: ஊதா நிறக் கண்ணாடிக் கிண்ணம். அச்சில் அழுத்தி வார்த்தது. சுற்றிலும் நட்சத்திரம். விளிம்பில் சின்னப் பொக்கை. மூடி இல்லை. வெளிப்பக்கம் யாரோ ஒட்டிய மூன்று ஸ்டிக்கர் பொட்டு.

ராசு: "பூம்பாறையில ஒரு வீட்ட ஒழிச்சாங்க சார், அதுல வந்தது. வெள்ளக்காரன் காலத்து ஐட்டம்."

அவனுக்கு எல்லாமே வெள்ளைக்காரன் காலம். போன மாதம் வாங்கிய பச்சைத் தட்டும் அப்படித்தான். வீட்டில் திருப்பிப் பார்த்தால் அடியில் மைக்ரோவேவ் முத்திரை.

வசந்தா: "ஏங்க, அலமாரியில கண்ணாடிச் சாமான் பதினாறு கெடக்கு. இது எதுக்கு?"

பிடித்துவிட்டது, அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் தடவிப் பொட்டுகளைச் சுரண்டி எடுத்தேன்.

ஜன. 21, செவ்வாய்

முப்பத்தோரு வருஷம் பேங்கில் கேஷியர். கள்ள நோட்டை விரலிலேயே சொல்வேன். ஒரு கிண்ணம் பாடாய்ப் படுத்துகிறது.

அச்சு இணைப்புக் கோடு: மூன்று. பழசு(?).
அடியில் கீறல்: நிறைய. பழசு. ஆனால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கீறல் விழுமே.
கள்ள நோட்டு பார்க்கும் டார்ச்: லேசாகப் பச்சை. என்ன அர்த்தம்? தெரியாது.
பொட்டு இருந்த இடம்: மூன்று வட்டப் புள்ளி, அங்கே மட்டும் வெளுப்பு. பசையோடு சாயம் வந்துவிட்டதா? அப்படியானால் புதுசு. ஏமாந்தேன்.

வாட்ஸப்பில் கண்ணாடி குரூப்பில் போட்டோ போட்டேன். ஒருவர், "இப்போ வார்க்கிற சரக்கு." ஒருவர், "நூறு வருஷம் தாண்டியது." இன்னொருவர், "நிறமில்லாத பழைய கண்ணாடி சிலது, வருஷக்கணக்கில் வெயில் பட்டால் ஊதாவாகும்."

வெயிலா? இந்த ஊரிலா? ஸ்வெட்டரைக் கழற்றி எத்தனை நாளாச்சு.

கேஸ் புக் பண்ணணும்.

ஜன. 26, ஞாயிறு

ராசு கடையில் ஒரு அம்மா எனக்காகவே காத்து நின்றார். பெயர் பாப்பாத்தி. பிறந்தது பூம்பாறை, வாக்கப்பட்டது பூண்டி. துண்டில் சுற்றி ஒரு கண்ணாடி மூடி. நட்சத்திரம் போட்டது. நிறமே இல்லை, தண்ணீர் மாதிரி.

"இதோட கிண்ணந்தான் சார் தேடுறேன். எங்காத்தா பங்களாவுல வேல பாத்தப்ப தொரசானி குடுத்துட்டுப் போனது. ஆத்தா போன மாசம் செத்துருச்சு. தம்பி வீட்ட ஒழிக்கையில அள்ளிப் போட்டுட்டான். உங்ககிட்டக் குடுத்ததா ராசண்ணன் சொல்றாரு."

மூடி மட்டும் எப்படி உங்களிடம் என்றேன்.

"கல்யாணத்தப்போ ரெண்டையும் கேட்டேன். ஆத்தா தரமாட்டேன்னுருச்சு. அப்ப மூடியில்லாமக் கெடக்கட்டும்னு இதத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். முப்பது வருசம் ஆச்சு. நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போவேன், அந்த வீட்டுக்குள்ள காலு வைக்கல. மொகம் பாத்துப் பேசல."

பொக்கை எந்தப் பக்கம் என்று கூடச் சொன்னார். சரியாக இருந்தது. நிறம்?

"இதே வெள்ளதான் சார்."

"என்கிட்ட இருக்கிறது ஊதாம்மா. அது வேற."

சொன்னதும் நெஞ்சு லேசானது. வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் ராசுவிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

வசந்தா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கதவைத் திறக்கும்போது, "கிண்ணத்தக் காட்டுனாக் கொறஞ்சா போயிருவீங்க?"

ஜன. 28, செவ்வாய்

அதிசயமாக வெயில். முதுகு எரிகிறது. கிண்ணத்தைச் சன்னலில் வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் அதே, பொக்கை அதே. நிறம் மட்டும் எப்படி மாறும்? ஆணியால் கீறினேன். சாயம் வரவில்லை. ஊதா உள்ளேயே இருக்கிறது. அப்படியென்றால் அந்த மூன்று புள்ளி?

ராசுவிடம் நம்பர் வாங்கி பாப்பாத்தி அம்மாவுக்குப் போன். ஒரே கேள்வி: அம்மா அந்தக் கிண்ணத்தை எங்கே வைத்திருந்தார்?

"நான் போன பெறகு பஸ்ஸு வர்ற ரோட்டப் பாத்த சன்னல்லயே வச்சிருந்துச்சாம் சார், தம்பி சொன்னான். நாளு பூராம் வெயிலு விழும். மொகங்கழுவையில பொட்ட எடுத்து அதுலதான் ஒட்டும். பெறகு மறந்துரும்."

பொட்டு மறைத்த இடத்தில் வெயில் படவில்லை. மற்ற இடமெல்லாம் முப்பது வருஷ வெயில். பொட்டுகளைச் சுரண்டி எடுத்தவனே நான்தான். வெட்கமாக இருந்தது. தந்துவிட வேண்டுமே என்று துக்கமாகவும் இருந்தது.

"நாளைக்கு வாங்கம்மா. மூடியையும் எடுத்துட்டு வாங்க."

ஜன. 29, புதன்

பனி இல்லை. வெள்ளனே முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார், பை நிறையப் பூண்டோடு. வசந்தா டீ கொடுத்தாள்.

மூடியை வைத்தார். ஆடாமல் உட்கார்ந்தது. கீழே ஊதா, மேலே வெள்ளை. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். வசந்தா முறைத்தாள், நிறுத்திக்கொண்டேன்.

வெகுநேரம் அழுதார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு,

"இந்த நெறம் போயிருமா சார்?"

"போகாதும்மா."

"மூடிக்கும் இதே நெறம் வரணும்னா?"

"வெயில்ல வைக்கணும். முப்பது வருஷம் ஆகும்."

விரல் மடக்கி எண்ணினார். "எனக்கு எம்பத்திரெண்டு ஆயிரும்."

கிண்ணத்தைத் தனியாக, மூடியைத் தனியாகத் துண்டில் சுற்றினார். வாசலில் செருப்பு மாட்டும்போது,

"எங்க வீட்டுலயும் தெக்க பாத்து ஒரு சன்னல் இருக்கு சார்."