அணில் தின்ற இட்லிப்பூ

குக்கரில் சாதம், வாணலியில் வெண்டைக்காய். மோர் இல்லை, செடிக்கு ஊற்றிவிட்டேன். நான் விமான் நகரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளைக்குத்தான் வருவேன்.

இந்தச் சாங்வி கரிசல் மண்ணில் நம் இட்லிப்பூச் செடி நான்கு வருஷம் இலை மஞ்சளித்து நின்றது. புளித்த மோர் விட்டு விட்டு நான்தான் தேற்றினேன். முதல் கொத்து பூத்ததே இந்த வாரம்தான். நேற்றுக் காலையில் அதைக் காணோம். "அணில் கடிச்சிருக்கும்"னு சொன்னீர்கள். நம்பி, பழைய கொசுவலையைச் செடியைச் சுற்றிக் கட்டினேன். முடிச்சுப் போட்டது நீங்கள்.

இன்று பக்கத்து வீட்டு ஜோஷி காகு மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டுக் கணபதி காலடியில் என் கொத்து, இன்னும் வாடாமல். "உன் மிஸ்டரே கொண்டாந்து குடுத்தார். கித்தி சுந்தர்!" என்று மராத்தியில் அதன் அழகை மெச்சினார். சிரித்துக்கொண்டே குங்குமம் வாங்கிக்கொண்டேன்.

பிள்ளையாருக்குப் போனதில் வருத்தமில்லை. கேட்டிருந்தால் நானே பறித்துக் கொடுத்திருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே அந்த முடிச்சை எவ்வளவு இறுக்கிப் போட்டீர்கள்!

லலிதா

வெண்டைக்காயைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

வலையை அவிழ்க்க வேண்டாம். உள்ளே இன்னொரு மொட்டு விட்டிருக்கிறது. அணிலிடம் சொல்லிவிடாதீர்கள்.