கலந்துபோன டேப்பெட்டுகள்

மார்ச் 9, காலை 6.40. என் மேசைமேல், இன்ஜின் வால்வைத் தள்ளும் டேப்பெட் பன்னிரண்டு, வேலைக்கு ஆகாதவை.

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மருந்தை மறக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

நேற்று இங்கே பட்டறையில் ஒரு பழைய லாரி இன்ஜினைப் பிரித்தேன். கேம்ஷாஃப்ட் நன்றாக இருந்தது. அதன்மேல் உட்காரும் பழைய டேப்பெட்டுகளே போதும் என்று, கழுவுவதற்காக எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிவிட்டேன். ஃபோர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எது எங்க தேஞ்சுதோ அது அங்கயேதான் உக்காரணும். மாத்திப் போட்டா கேமும் போச்சு, டேப்பெட்டும் போச்சு. நீ படிச்சவன்தானே?"

டேப்பெட் பன்னிரண்டையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

ஆனால் சித்தப்பாவின் லாரி நினைவுக்கு வந்துவிட்டது. நீங்கள் அட்டையில் துளையிட்டு, எண் போட்டு வரிசையாக வைத்திருந்த டேப்பெட்டுகளை, நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் கழுவிக் கலந்து, கண்டபடி அட்டையில் திருப்பிச் செருகியது நான். அதனால் இன்ஜின் கெடும் என்று அப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் கேம் தேய்ந்தபோது, "அப்பாவுக்கு இப்பல்லாம் கை சரியில்ல" என்று சித்தப்பாவிடம் சொன்னதும் நான்தான். அதன்பின் நீங்கள் இன்ஜின் வேலையே எடுக்கவில்லை.

வால்வ் இடைவெளி அளவுகளை உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள். இங்கே புத்தகத்தில் இருக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. செய்யப்போவது:

1. இன்று மதியம் சித்தப்பாவுக்குப் போன் செய்து, கெடுத்தது நான் என்று சொல்வேன்.
2. அவர் மகனிடமும் சொல்வேன். உங்கள் கை சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்னது அவன்தான்.
3. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்வேன். நீங்கள் திட்டி முடிக்கும்வரை வைக்க மாட்டேன்.