பிறந்த வீட்டுக் கோடி

தாடிக்கொம்பு
12.2.2025

பிவண்டியில் இருக்கும் தம்பி மொக்கைச்சாமிக்கு அக்கா ராமுத்தாய் எழுதிக்கொண்டது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

உன் மச்சான் போன வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார். மருமகள் பவித்ரா அப்போதே உனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். "பாத்துட்டாக அத்தை, நீல டிக் விழுந்திருச்சு" என்றாள். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

எண்பத்து நான்கு வயது. முந்தின நாள்கூட வேடசந்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போய், மூன்றாம் பந்தி வரை நின்று இலை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். ஐம்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் பத்து வருஷம் தேறாது. மில் நூலை ஏற்றிக்கொண்டு பிவண்டி, கல்கத்தா என்று லாரி ஓட்டிய மனுஷன். உன்னையே அந்த லாரியில்தானே கூட்டிப்போய் தறி வேலையில் சேர்த்துவிட்டார். லாரியை விட்ட பிறகாவது உட்காருவார் என்று பார்த்தேன். பஞ்சாபில் எப்போதோ சாப்பிட்ட ரொட்டிக் கடைக்காரர் மகள் கல்யாணம் என்று ரயிலேறிப் போய் வந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை எப்போதும் தயாராகத் தொங்கும். கல்யாணமோ கேதமோ, காதில் விழுந்ததும் பையை எடுத்துவிடுவார். ஆனால் எந்த ஊரில் இருந்தாலும் இருட்டுவதற்குள் போன் வரும், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று.

அப்படிப்பட்டவர் கருப்பாயி சாவுக்கு வரவில்லை. உன் பெண்டாட்டியை மறுநாள் சாயங்காலம் வரை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தாய். ஊரார் கேதத்துக்கெல்லாம் ஓடுகிறவருக்கு என் வீட்டு வாசல் தெரியவில்லையா என்று அன்றைக்கு அறுத்துக்கொண்ட உறவு, ஆறு வருஷமாகிறது. இப்போது சொல்கிறேன் தம்பி. அவருக்குத் தெரியாது. நான்தான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்திருந்தோம். சொன்னால் நிற்கமாட்டார், அடுத்த ரயிலில் ஏறிவிடுவார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்துபோனேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்து அழுகிறவனிடம் இதையும் எப்படிச் சொல்வது? மறுநாள் சாயங்காலம் நீ மறுபடி போன் போட்டபோதுதான், அவரால் இப்போது வர முடியாதாம் என்று உன்னிடம் சொன்னேன். நான் வராததற்கு முழங்கால் வலி என்று இன்னொரு பொய். பத்தாம் நாள் விஷயம் தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு பிவண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

நீ அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாய். உன் அக்காதான் மறைத்தாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரும்பி வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னையப் பேசட்டும் விடு. எனக்கு ஊரெல்லாம் ஆளு இருக்கு. ஒனக்குப் பொறந்த வீடுன்னு அவென் ஒருத்தன்தான இருக்கான்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயம். கடைசியில் அவரோடு சேர்த்து என்னையும் விட்டுவிட்டாய். பயந்து என்ன கண்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. இன்னும் செத்த நேரம், செத்த நேரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். யாருக்காக என்று மகன் கேட்டான். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பாயியை வைத்துக்கொண்டு நீ எப்படிக் காத்திருந்திருப்பாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வருகிற 22-ஆம் தேதி சனிக்கிழமை பதினாறாம் நாள் கருமாதி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைச் சித்தப்பா மகன் போடுகிறேன் என்கிறான். வேண்டாம், என் தம்பி வருவான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

புதுச்சேலை எடுக்க மனம் வராவிட்டால் வெறுங்கையோடு வா. நேற்று அந்தப் பையைத் திறந்தேன். கருப்பாயி படத்துக்கு முன்னால் வைக்க அவர் சின்னாளப்பட்டியில் எடுத்து வந்து, நீ வாங்க மறுத்த சுங்குடிச் சேலை, மடிப்புக் கலையாமல் அடியில் இருக்கிறது. ஆறு வருஷமாக அதைச் சுமந்துகொண்டுதான் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போயிருக்கிறார். அதையே எடுத்து உன் கையால் என் தோளில் போடு.

அவர் மேல் வைத்திருந்த கோபத்தையெல்லாம் இனி என் மேல் வைத்துக்கொள் அப்பு. வந்து வை.

உன் வழி பார்த்து வாசலில் இருக்கும் அக்கா,
ராமுத்தாய்