வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுவராத பாவாடை

இன்று காலை ஒரு பள்ளிச் சீருடைத் துணியை வாளியில் ஊறவைத்தேன். புதுத் துணியின் கஞ்சி வாடை எழும்பியது. எத்தனை வருடமானாலும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் முகம் சுண்டிப்போகிறது. நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இனி நீ கேட்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் உன் வீட்டுப் பின்கட்டில், வெள்ளிக்கிழமை மதியங்களில் நாம் ஐந்து பேர் கூடுவோம். ஐந்து பேரிடமும் தையல் மிஷின் இருந்தது, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. அந்த வாரம் யார் எதைக் கெடுத்தாலும் அதைப் பாயில் விரிக்க வேண்டும், எங்கே பிசகியது என்று எல்லாரும் பிரித்துப் பார்க்க வேண்டும். அது நீ வைத்த சட்டம். "நல்லாத் தச்சத வீட்டுக்காரர்ட்ட காட்டுங்கட்டி. கெட்டுப்போனத இங்கன கொண்டாங்க" என்பாய். கை ஏறாத ரவிக்கை, ஒரு கால் நீண்ட டவுசர் எல்லாம் அந்தப் பாயில் விழுந்திருக்கின்றன. சிரித்துச் சிரித்தே தையல்காரிகள் ஆனோம்.

நான் மட்டும் சின்னச் சின்னக் குற்றமாகப் பார்த்துக் கொண்டுவருவேன். வேலை சுத்தமானவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை விட மனமில்லை.

தேரடிக் கடையில் புதிதாக ஒரு நீலத் துணி வந்தது. சுருங்கவே சுருங்காது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். நாத்தனார் மகளுக்கு அதில் பாவாடை தைத்தேன். சாக்பீஸ் கோடு போகட்டும் என்று அலசிக் காயப்போட்டால், கணுக்காலில் நிற்க வேண்டியது கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது. எலி கடித்துவிட்டது என்று நாத்தனாரிடம் புளுகிவிட்டு, பெட்டிக்கு அடியில் திணித்தேன். அந்த வெள்ளிக்கிழமை, கோணலாகிப்போன ஒரு பொத்தான் துளையைக் கொண்டுவந்து காட்டினேன்.

அன்றைக்குத்தான் நீ சொன்னாய், குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சீருடை முழுவதும் உனக்கு வந்திருக்கிறது என்று. அதே நீலத் துணி. "நாளைக்கு வெட்டப் போறேன். எவளாவது அந்தத் துணில தச்சிருக்கியளாட்டி?" என்று கேட்டாய். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். நான் கோத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மாதம் தைத்துக் கொடுத்தாய். முதல் சலவையிலேயே பிள்ளைகளுக்கு ஒன்றும் சேராமல் போயிற்று. பள்ளிக்காரர்கள் உன் வாசலில் நின்று சத்தம் போட்டதைத் தெருவே பார்த்தது. அப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டவுசரை எடுத்துவந்து பாயில் விரித்தாய். கண் வீங்கியிருந்தது. "பாருங்கட்டி, என் லட்சணத்த. எங்கன தப்புனேன்னு சொல்லுங்க."

மற்றவர்கள் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, நான் வாய் திறந்தேன். "நனைச்சுக் காயப்போடாம வெட்டியிருப்ப."

"எப்படிட்டி பாத்ததும் கண்டுபிடிச்ச!" என்றாள் ஒருத்தி. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நான் ஒரு மடச்சி. ஒன்னயத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தப் பாராட்டு இனித்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த வருடம் அந்தச் சீருடை வேலை என்னிடம் வந்தது. "அவ நனைச்சுத்தான் வெட்டுவா" என்று நீயே சொல்லி அனுப்பினாயாம். நீ அதன் பிறகு சீருடைத் துணியைத் தொடவேயில்லை. கிழிசல் தைப்பதோடு நின்றுவிட்டாய். நான் சீருடையில்தான் பெயரெடுத்தேன்.

வாளித் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பாவாடை இன்னும் அடியில்தான் கிடக்கிறது. வீடு மாறியபோதெல்லாம் கூடவே வந்தது. எறியவும் முடியவில்லை, ஒருவருக்கும் காட்டவும் முடியவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. பாயை விரித்து அதன்மேல் போட்டிருக்கிறேன்.

ஏட்டி, இது நான் கெடுத்தது.