சாமிக்கு வைத்த வத்தகைப் பூ

ஓகஸ்ட் 10, ஞாயிறு

இன்றும் ஒரு வத்தகைப் (தர்ப்பூசணி) பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிட்டது. இது நாலாவது. படுக்கையில் கிடக்கும் அப்பா நாள் முழுவதும் ஜன்னலால் பார்ப்பது அந்தக் கொடியை மட்டுந்தான்.

“பிள்ளை, இந்த ரொறன்ரோ வெயிலுக்கு உது காய்க்குமோ?”

“ஓம் அப்பா.”

பிஞ்சு ஏன் நிற்பதில்லை என்பது காலையில்தான் தெரிந்தது. அம்மா கொடியில் பூப்பறித்துக்கொண்டு நின்றா.

“பிஞ்சு இருக்கிற பூவிலை நான் கை வைக்கிறேல்லையடி. உந்த வெறும் பூவைத்தான் அப்பாவுக்காகச் சாமிக்கு வைக்கிறன்.”

அந்த வெறும் பூக்கள்தான் ஆண் பூக்கள். அவற்றின் மகரந்தம் இல்லாமல் எந்தப் பிஞ்சும் தங்காது. பெண் பூ விரிவதும் ஒரே ஒரு காலைதான். சாமித்தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துப்போய், இன்று விரிந்திருந்த பெண் பூவில் தடவினேன்.

“சாமிக்கு வைச்சதை எடுக்கிறியோ? படிச்சவவுக்குப் பயமில்லை!”

பூவைத் திரும்பச் சாமித்தட்டிலேயே வைத்தேன். இந்தப் பிஞ்சு பிடித்தாலும் பழுக்க ஐந்து கிழமையாவது வேண்டும். வெள்ளிக்கிழமை டொக்டர் அப்பாவுக்கு மிச்சமென்று சொன்ன காலம் அதைவிடக் குறைவு. அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது நான்தான் அதைச் சுகமாகிவிடும் என்று மாற்றிச் சொன்னேன்.

நாளைக்கும் அம்மா பூப்பறிக்கட்டும்.