ஒரே ஓட்டத்தில் கழற்றப்பட்ட சிக்னல்

அனுப்புநர்
சி. தனப்பிரியா, எம்.எஸ்சி. (புள்ளியியல்),
த/பெ. சின்னராஜ்,
ஊஞ்சக்காட்டுவலசு,
சங்ககிரி வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: ஊஞ்சக்காட்டுவலசு பிரிவில் சிக்னலை அகற்றக் காரணமான கணினிப் போக்குவரத்து ஆய்வை மறுபடி நடத்தவும், அதுவரை சிக்னலைத் திரும்ப அமைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் நெடுஞ்சாலைக்கு வடக்கே இருக்கிறது. பால் சொசைட்டி தெற்கே. காலையும் மாலையும் மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. கடக்க ஒரு சிக்னல் இருந்தது. இந்த ஆண்டு ஆனி மாதம் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆவணியில் என் தாய் முத்தாயம்மாள் அதே இடத்தில் சிமெண்ட் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். லாரி ஓட்டுநர் மீது எனக்குப் புகார் இல்லை. நிற்கச் சொல்ல அங்கே விளக்கு இல்லை, அவர் நிற்கவில்லை.

2. சிக்னல் ஏன் போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டேன். ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை வந்தது. கேமராவில் வண்டிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டு கணினிக்குள் எங்கள் சாலையை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடப்பவர்கள் சொற்பம், சிக்னல் இல்லாவிட்டாலும் சராசரியாக அரை நிமிடத்தில் இடைவெளி கிடைத்துவிடும், லாரிகள்தான் வீணாக நிற்கின்றன என்பது முடிவு.

3. கடப்பவர்கள் ஏன் சொற்பம் என்பதை அறிக்கை எழுதியவர்கள் அறியமாட்டார்கள். ஊருக்கே தெரியும். சித்திரையில் கம்பத்தில் கேமராவைக் கட்டியபோது எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஹெல்மெட் போடாதவர்களைப் பிடிக்க வைத்தது என்று ஊரில் பேச்சு பரவிவிட்டது. "அந்தப் பக்கம் போவாதீங்க சாமி, போட்டோப் புடிச்சு ஊட்டுக்கே ஃபைன் அனுப்பீர்றானாமா" என்று எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொன்னவர் என் தாய்தான். கேமரா இருந்த ஒரு வாரமும் பால் கொண்டுபோகிற அத்தனை பேரும் சாலைக்கு அடியில் போகும் ஓடைப் பாலத்துக்குள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனோம். கோடையில் ஓடை காய்ந்திருந்ததால் போக முடிந்தது. கேமராவை அவிழ்த்த மறுநாளே மேலே வந்துவிட்டோம். கணினிக்குப் போன கணக்கில் எங்களில் ஒருவர்கூட இல்லை. ஹெல்மெட் போடாதது குற்றம்தான், மறுக்கவில்லை. அதற்குச் சட்டம் விதித்திருப்பது அபராதம் மட்டுமே.

4. கணக்கு சரியாகவே இருந்தாலும் இந்த முடிவு நிற்காது. கணினிச் சாலையில் வண்டிகள் தற்செயலாக வரும்படி அமைப்பார்கள். அந்தத் தற்செயல் வரிசையை எங்கே தொடங்குவது என்று ஓர் எண்ணைக் கொடுத்து ஓட்டுவார்கள். அந்த எண்ணை மாற்றினால் லாரிகள் வேறு விதமாக வரும். காத்திருக்கும் நேரமும் மாறும். ஆகவே பல முறை ஓட்டி, சராசரி என்ன, அது எவ்வளவு கூடிக் குறைகிறது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். இது நான் கண்டுபிடித்ததல்ல, பாடப்புத்தகத்தில் இருப்பது. அறிக்கையின் பின்னிணைப்பில் 'ஓட்டங்களின் எண்ணிக்கை: ஒன்று' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

5. இதை முன்பே குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்தேன். பதில் சொல்ல வந்த நிறுவனப் பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "ஒரு விபத்தை வெச்சு ஒரு முடிவுக்கு வர முடியாதும்மா. புள்ளியியல் படிச்ச உங்களுக்கே தெரியுமே" என்றார். தெரியும் ஐயா. ஒரு சாவு போதாது என்கிற அதே கணக்கில் ஒரு ஓட்டம் மட்டும் எப்படிப் போதும் என்று கேட்டேன். கோப்பை மூடிவிட்டு அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள்.

6. எங்கள் சொசைட்டியில் பால் எடுப்பவர் அன்பரசு. அவசரத்தில் அவர் கேனைக் கலக்காமல் மேலாக மொண்டு சோதனைக்கு ஊற்றினால் என் தாய் விடமாட்டார். "கலக்கிப்போட்டு எடுங்க அன்பரசு. அடியில கெடக்கறதும் என்ற பாலுதானுங்களே" என்பார். மேலே கொழுப்பு கூடுதல், விட்டால் அவருக்குத்தானே லாபம் என்று வரிசையில் எல்லோரும் சிரிப்பார்கள். அன்பரசும் கலக்கிவிட்டு எடுப்பார். சாதாரண சொசைட்டியில் கால் லிட்டர் பாலுக்குக் கிடைக்கிற இந்த நியாயம் எங்கள் உயிருக்குக் கிடைக்கவில்லை.

7. ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்துக்கு அடியில் இனி வழி இல்லை. என் தாயின் மொபெட்டைப் பழுது பார்த்து அதில் இப்போது என் தந்தை பால் கொண்டுபோகிறார். நான் இந்தப் பக்கம் நின்று, அவர் அந்தப் பக்கம் சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குச் சராசரி எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே ஐயா, ஊரில் முன்கூட்டியே அறிவித்து வண்டிகளையும் ஆட்களையும் மறுபடி எண்ணவும், கணினியில் போதிய தடவை ஓட்டி ஏற்ற இறக்கத்தோடு முடிவை வெளியிடவும், அதுவரை சிக்னலைப் பழைய இடத்திலேயே நிறுத்தவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிக்னல் கம்பத்தின் அடிக்கட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. கணினிச் சாலையை எத்தனை முறை வேண்டுமானாலும் முதலிலிருந்து ஓட்டலாம். என் தாய்க்கு அது முடியாது.

இடம்: ஊஞ்சக்காட்டுவலசு
நாள்: 18.11.2024

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சி. தனப்பிரியா

இணைப்பு: ஆய்வறிக்கையின் நகல், பின்னிணைப்புடன், இறப்புச் சான்றிதழ் நகல்.