மக்காத பாத்தி

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நலம்தானா என்பதை நீயே படித்துவிட்டுச் சொல்.

பாப்பாவின் கால்புண் பரவுவது நின்றுவிட்டது, காய்ச்சலும் விட்டது என்று எழுதியிருந்தாய். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டர்கள் காலையே எடுக்கச் சொன்ன தன் மகளுக்கு, எங்கள் தோட்டத்து மண்ணிலிருந்து மருந்து எடுத்தவன் என் தம்பி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது தோட்டத்துச் சங்கதி. மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, நாங்கள் பாத்திக்கு ஒரு பருத்தித் துணியைப் புதைத்து வைப்போம் என்பது உனக்குத் தெரியும். நல்ல மண் என்றால் புழுவும் கிருமியும் அதைத் தின்று கந்தலாக்கிவிடும். ஓரத்துப் பாத்தியில் மட்டும் துணி புதைத்தபடியே முழுசாக வந்தது. இதில் எந்தக் கிருமியும் பிழைக்காது, இது புதையல்க்கா என்று குதித்துக்கொண்டு அந்த மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அள்ளிப்போனாய். என் புத்தி எங்கே போயிற்றோ! புதையலாயிற்றே என்று, தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, எல்லா உரக்குழியிலும் அந்த மண்ணைக் கலந்துவிட்டேன்.

குழியில் இப்போது எதுவும் மக்குவதில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் கொட்டிய இலை இன்னும் பச்சையாகக் கிடக்கிறது. ஈ மொய்க்கவில்லை. செத்த எலி ஒன்று தூங்குகிற மாதிரியே கிடக்கிறது. அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அந்த உரம் போட்ட நாற்றெல்லாம் இரண்டு இலையோடு நின்றுவிட்டது.

உன் மாமா அதில்தான் வெறுங்கையோடு வேலை செய்கிறார். மண்வெட்டி பட்டுக் கிழிந்த விரலில் சீழில்லை, வலியில்லை. ஆனால் காயம் மூடவே மாட்டேன் என்கிறது. கொசுகூட அவரை அண்டுவதில்லை. மழைக்காலம் தொடங்கியபோது சவரம் செய்தவருக்கு, மழைக்காலம் முடிந்தும் முகம் மழமழவென்று இருக்கிறது. சோம்பேறிக்கு அடிச்சுது பார் யோகம் என்று சிரிக்கிறார். கட்டின புருஷன் பக்கத்தில் படுக்கப் பயமாயிருக்கிறது என்று உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

எல்லாம் என் மனப்பிராந்தி என்று தேற்றிக்கொண்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். பாப்பாவுக்குப் போன வருஷத்துச் செருப்பே இன்னும் கச்சிதமாக இருக்கிறது, விழுந்த முன்பல்லும் முளைக்காமல் பொக்கைவாயோடு திரிகிறாள் என்று கேலியாக எழுதியிருக்கிறாயே, தம்பி!

அவளுக்கு அந்த மண் மருந்தில் அடுத்த ஊசியைப் போடாதே. நிறுத்தினால் புண் திரும்பும் என்பாய். தெரியும். தெரிந்துதான் கெஞ்சுகிறேன். ஆராய்ச்சி, பேர் எல்லாம் அப்புறம். என்மேல் கோபப்படு, பரவாயில்லை.

பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன், வேண்டுமென்றே இரண்டு அளவு பெரிதாக. அதுவும் இறுக்கிப் பிடிக்கிறது, பத்தவில்லை என்று சீக்கிரமே நீ எனக்கு எழுத வேண்டும்.

அவளுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

உன் அக்கா